பனியை நீராக்கிய சிற்றடுப்பு

நெருப்பை மூட்டக் கற்றது மனித குலத்தின் மிகப் பழைய வித்தை. அதனை ஒரு தகரப் பெட்டியில் அடக்கித் தோளிலே சுமந்து செல்லக் கற்றதோ அண்மைக் காலத்துச் செய்தியாகும். விறகு கிடைக்கும் நாட்டில் வழிப்போக்கன் மூன்று கற்களைக் கூட்டி அடுப்பாக்கிக் கொள்வான். மரமே முளையாத பனிப் பரப்பில் அவன் என் செய்வான்? துருவங்களையும் இமயத்தின் சிகரங்களையும் நாடிச் சென்றோர் அனைவரும் எதிர்கொண்ட வினா இது. அதற்குக் கிடைத்த விடையின் வரலாற்றை இங்குச் சிறிது காண்போம்.

பனி சூழ்ந்த நாட்டில் நீருக்கு என்ன குறை என்று நமக்குத் தோன்றக் கூடும். உண்மை நேர்மாறானது. பனியை அப்படியே உண்டால் உடலின் சூடு குறையும், தாகமும் தீராது. அதனை உருக்கியே பருக வேண்டும். ஒரு கிராம் பனிக்கட்டியை, அதன் உஷ்ணநிலை சிறிதும் ஏறாமல், நீராக மாற்றுவதற்கே 80 கலோரி வெப்பம் செலவாகிறது. அதே வெப்பத்தைக் கொண்டு ஒரு கிராம் நீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரை சூடேற்றிவிடலாம். ஆகவே பனிப் பிரதேசத்தில் நெருப்பு இருந்தால்தான் நீர் உண்டு. எரிபொருள் தீர்ந்தால் நீரும் தீர்ந்தது என்பதே பொருள்.

1892-ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டைச் சேர்ந்த பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் என்னும் தொழிலாளர் புகையில்லாத மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றை உருவாக்கினார். ‘பிரைமஸ்’ என்ற பெயரால் அது உலகெங்கும் பரவியது. அதில் திரி கிடையாது. எரிமுனையின் கீழுள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டை எரித்து முதலில் அதனைச் சூடாக்குவர். பிறகு பம்பினால் காற்றடித்தால், எண்ணெய் குழாய் வழியே மேலேறி, சூடான பகுதியில் ஆவியாகி, நுண்ணிய துவாரத்தின் வழியே பீறிட்டு, காற்றோடு கலந்து நீல நிறத்தில் எரியும். கால்களைக் கழற்றிப் பெட்டியில் வைத்துக் கொண்டு செல்லத்தக்க வகைகளும் பின்னர் வந்தன.

நார்வே நாட்டு அறிஞர் நான்சென், 1893-ஆம் ஆண்டு தொடங்கிய தமது வடதுருவ யாத்திரையில் இவ்வடுப்பைக் கொண்டு சென்றார். அடுப்பின் வெப்பம் வீணே காற்றில் கலப்பதை அவர் விரும்பவில்லை. நடுவில் உணவு வேகும் பாத்திரம், அதனைச் சுற்றிலும் மேலேயும் பனியை உருக்கும் பாத்திரங்கள் என்று ஓர் அடுக்கினை அமைத்தார். உணவை வேகவைத்த வெப்பமே மேலெழுந்து மறுவேளைக்கு நீரையும் தந்தது. 1895-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவரும் ஜோஹான்சென் என்னும் துணைவரும் வடக்கே 86 பாகையைக் கடந்தனர். அதற்கு முன் எவரும் அவ்வளவு தூரம் சென்றதில்லை.

அடுப்பு நன்றாயிருந்தாலும் எண்ணெயைக் காத்து வைக்கத் தெரிய வேண்டும். இதனைத் தென்துருவம் மிகக் கொடுமையாக உணர்த்திற்று. ஆமுன்சென் 1911 டிசம்பர் 14-ஆம் நாளும், ஸ்காட் 1912 ஜனவரி 17-ஆம் நாளும் அத்துருவத்தை அடைந்தனர். திரும்பும் வழியில் ஸ்காட் குழுவினர், தாம் முன்னரே எண்ணெய் சேமித்து வைத்திருந்த இடங்களில் டப்பாக்களைத் திறந்தபோது அளவு குறைந்திருக்கக் கண்டனர். கடுங்குளிரில் மூடியின் தோல் வளையங்கள் இறுக்கம் இழக்க, எண்ணெய் கசிந்து ஆவியாகி விட்டிருந்தது. அவர்கள் மடிந்ததற்குப் பசியும் புயலும் நோயும் காரணங்களே. எண்ணெய்க் குறைவும் அவற்றோடு சேர்ந்து கொண்டது. அடுத்த சேமிப்பிடத்திற்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில் எஞ்சிய மூவரும் கூடாரத்திலேயே உயிர் நீத்தனர். ஆமுன்செனோ தம் டப்பாக்களை ஈயப் பற்று வைத்து அடைத்திருந்தார். அவர் பெட்டி மலையடியில் கற்குவியலுள் விட்டுச் சென்ற மண்ணெண்ணெய் டப்பாவை, 1929-ஆம் ஆண்டில் அங்குச் சென்ற அமெரிக்கக் குழுவினர் எண்ணெயோடு கண்டெடுத்தனர்.

இனி நம் இமயத்திற்கு வருவோம். 1952-ஆம் ஆண்டு மே மாதம், சுவிஸ் நாட்டு லாம்பேரும் டென்சிங் நார்கேயும் எவரெஸ்டில் சுமார் 8,400 மீட்டர் உயரத்தில் ஓர் இரவைக் கழித்தனர். அவர்களிடம் அடுப்பு இல்லை. ஒரு காலி டப்பாவில் பனியை இட்டு மெழுகுவத்திச் சுடரில் உருக்கினர். இருவர் தாகத்திற்கு அந்நீர் எம்மட்டில் போதும்? மறுநாள் ஏறக்குறைய 8,600 மீட்டர் வரை ஏறி, மேற்செல்ல இயலாமல் திரும்பினர்.

மறு ஆண்டு வந்த பிரிட்டிஷ் குழுவில் பியூ என்னும் உடலியல் வல்லுநர் இருந்தார். உயரத்தில் மூச்சு விரைவதால் உடல் ஏராளமான நீரை இழக்கிறது என்றும், ஒவ்வொருவரும் நாள்தோறும் சுமார் மூன்று லிட்டர் பருக வேண்டும் என்றும் அவர் வற்புறுத்தினார். அதற்கேற்ப அடுப்பிற்கும் எண்ணெய்க்கும் முதன்மை தரப்பட்டது. மே 28-ஆம் நாள் இரவு, சுமார் 8,500 மீட்டர் உயரத்தில், டென்சிங்கும் ஹில்லாரியும் பிரைமஸை மூட்டிச் சூப்பும் சர்க்கரை கலந்த எலுமிச்சைப் பானமும் நிறையப் பருகினர். விடியற்காலையில் ஹில்லாரியின் பூட்ஸுகள் உறைந்து மரக்கட்டையாகிக் கிடந்தன. அவற்றை அதே அடுப்பின் சுடரில் வாட்டி இளக்கினார்கள். முற்பகல் பதினொன்றரை மணிக்கு இருவரும் உச்சியில் நின்றனர்.

அடுப்பு மேலும் சிறிதாகியது. 1936-ஆம் ஆண்டில் ஜெர்மானியர் எரிக் ஷூம், வில்லையாகச் செய்த திட எரிபொருளை அறிமுகப்படுத்தினார். அவ்வில்லைகளைத் தன்னுள்ளேயே அடக்கி மடியும் ‘எஸ்பிட்’ அடுப்பு, சட்டைப் பையிலும் அமரும். வெள்ளத்திலும் புயலிலும் மின்சாரமும் எரிவாயுவும் இல்லாத வேளையில் ஒரு குவளை வெந்நீருக்கு அது உதவும். ஆயின் ஓர் எச்சரிக்கை: எவ்வகை அடுப்பாயினும் அடைத்த அறையிலோ கூடாரத்திலோ எரித்தலாகாது. 1934-ஆம் ஆண்டு தென்துருவப் பகுதியில் பனிக்குள் புதைந்த குடிலில் தனித்திருந்த அமெரிக்கத் தளபதி பெர்ட், அடுப்பும் இயந்திரமும் வெளியிட்ட கார்பன் மோனாக்ஸைடு நச்சுவாயுவினால் சாவின் விளிம்பு வரை சென்று மீண்டார். அவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. காற்றோட்டம் ஒன்றே காப்பு.

சமையல் எரிவாயு வீடுதோறும் வருவதற்கு முன், டில்லியிலும் அந்நாளைய பம்பாய், கல்கத்தா நகரங்களிலும் ஓரறைக் குடித்தனம் நடத்திய நம்மவர் பலர்க்குக் காப்பிக்கு வெந்நீர் தந்தது, உஸ்ஸென்று இரையும் அந்தப் பம்பு ஸ்டவ்வேயாகும். துருவத்திற்கும் எவரெஸ்டிற்கும் சென்றதும் அவ்வினத்து அடுப்புத்தான். பம்பின் தோல் வாஷர் உலராதிருக்க அவ்வப்போது ஒரு சொட்டு எண்ணெய் விடுவதும், அடைத்த துவாரத்தில் பின் குத்தி எடுப்பதும் நம் இல்லத்துப் பெண்டிர் நன்கறிந்த கலைகள். சிறு தோல் வளையத்தைப் பேணுவது எத்துணைப் பெரிய காரியம் என்பதை, தென்துருவத்துப் பனியிலே கிடந்த குறைந்த டப்பாக்கள் நமக்கு இன்றும் சொல்கின்றன.