ஈழத்து நெற்கமமும் அரசின் ஆதரவும்

ஒரு நாட்டு மக்கள் உண்ணும் உணவு அந்நாட்டு மண்ணிலேயே விளைதல் வேண்டும் என்பது எளிதிற் கூறத்தக்க கொள்கையே. ஆயின், விளைவிப்போன் நட்டமுறாமலும் வாங்கியுண்போன் பட்டினி கிடவாமலும் அதனை நிறைவேற்றுதல் அரிது. இவ்விரு திறத்தாரின் நலங்களையும் ஒருங்கே பேண முயன்ற அரசாங்கங்கள் கண்ட வெற்றியுந் தோல்வியுமே ஈழத்து நெற்கமத்தின் அண்மைக்கால வரலாறு எனலாம்.

பிரித்தானியர் ஆட்சியின் முற்பகுதியில் அரசாங்கத்தின் கருத்துப் பெருந்தோட்டங்களின்மீதே சென்றது. குளங்கள் தூர்ந்தன, அவற்றைப் பேணிய ஊர்க்கட்டுப்பாடுகளுந் தளர்ந்தன. தேசாதிபதி சேர் ஹென்றி உவாட் காலத்தில், 1856ஆம் ஆண்டில், நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அச்சட்டம் புதுமுறையொன்றை மேலிருந்து புகுத்தவில்லை. வாய்க்கால் வெட்டுதல், வேலியடைத்தல், நீர் பங்கிடுதல் என்பன பற்றி அவ்வவ்வூரில் வழங்கிய பழைய வழக்கங்களை ஊரவரைக் கூட்டிக் கேட்டறிந்து, அவற்றுக்கே சட்டத்தின் வலுவை அளித்தது. மட்டக்களப்புப் பகுதியில் இறக்காமம், அம்பாறை முதலிய குளங்களின் திருத்தம் இக்காலத்து முயற்சிகளுட் சேர்ந்ததே.

ஒரு கையாற் கொடுத்த அரசு மறு கையாற் பறித்தமையும் ஈண்டு நோக்கத்தக்கது. விளைச்சலிற் பத்திலொரு பங்கென்ற அளவில் அறவிடப்பட்ட தானியவரி 1880ஆம் ஆண்டுகளிற் கடுமையாக வசூலிக்கப்பட்டது. வரி செலுத்த இயலாதாரின் வயல்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. மலைநாட்டு வலப்பனைப் பகுதியிற் பல குடும்பங்கள் நிலமிழந்து வறுமையுற்றன. பெருங்கண்டனத்தின் பின்னர், 1893ஆம் ஆண்டுத் தொடக்கத்துடன் இவ்வரி ஒழிந்தது.

இருபதாம் நூற்றாண்டில் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திச் சட்டம் நிலமற்றோருக்கு அரசகாணி வழங்க வழிகோலியது. எனினும், நாடு உண்ட அரிசியிற் பெரும்பங்கு பருமா முதலிய நாடுகளிலிருந்தே வந்தது. 1942இல் யப்பானியர் பருமாவைக் கைப்பற்றினர். கப்பல்கள் வருதல் நின்றது. பங்கீட்டு முறை வந்தது. உள்ளூர் நெல்லை அரசே கொள்வனவு செய்யும் ஏற்பாடும் உடன் வந்தது. போர்க்காலத்து இவ்வனுபவத்தினின்று உருவானதே 1948ஆம் ஆண்டின் உத்தரவாத விலைத் திட்டம். 1950ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஒரு புசல் நெல்லின் உத்தரவாத விலை பன்னிரண்டு ரூபாவாக உயர்ந்தது. அறுவடைக் காலத்தில் விலை வீழ்ந்து கமக்காரன் கலங்கும் நிலையை மாற்ற இஃது ஏற்றதொரு கருவியாயிற்று.

அதே வேளையில், உண்போருக்குப் பங்கீட்டரிசி குறைந்த விலைக்கு வழங்கப்பட்டது. இருபாலாரையும் தாங்கிய திறைசேரி தள்ளாடியது. சீனாவுடன் 1952இற் செய்த இறப்பர்-அரிசி ஒப்பந்தம் ஒருவாறு கைகொடுத்ததாயினும் போதவில்லை. 1953இல் ஒரு கொத்துப் பங்கீட்டரிசியின் விலை இருபத்தைந்து சதத்திலிருந்து எழுபது சதமாக உயர்த்தப்பட்டது. ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடெங்கும் அர்த்தால் எழுந்தது, உயிர்களும் பலியாயின. பிரதமர் டட்லி சேனநாயக்க அவ்வாண்டு ஒக்தோபரிற் பதவி துறந்தார். உணவுக் கொள்கையில் ஒரு பாலாரை மட்டும் கருதுதல் இயலாது என்பதை அந்நாள் உணர்த்திற்று.

விலை நல்லதாயின் அஃது உழுதவனை அடைந்ததா என்பது அடுத்த வினா. விதைப்புக் காலத்திற் கடன் கொடுத்த வணிகன் களத்திலேயே நெல்லை அளந்து செல்வான். உத்தரவாத விலையைப் பெறுபவனும் அவனே. விளைச்சலிற் பாதியை வாரமாகக் கொடுத்த குத்தகைக் கமக்காரனுக்கு எஞ்சியது சிறிதே. இக்குறையை நீக்கவே, அமைச்சர் பிலிப் குணவர்த்தனாவின் முயற்சியால், 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் குத்தகை உரிமையை நிலைபெறச் செய்தது. வாரத்தை ஏறக்குறைய நாலிலொரு பங்காகக் குறைத்தது. ஊர்தோறும் பயிர்ச்செய்கைக் குழுக்களை அமைத்தது. ஆயின், சட்டம் வருமுன்னும் வந்தபின்னும் குடிகளை வெளியேற்றிய நிலவுடைமையாளர் பலர். பயிர்ச்செய்கைக் குழுக்களுக்குப் போதிய பணமும் அதிகாரமும் கிடைக்கவில்லை. அமைச்சரும் 1959இற் பதவியை விட்டு விலகினார்.

1970 முதல் 1977 வரை ஆண்ட அரசாங்கம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தும் வழியை நாடியது. மிளகாயும் வெங்காயமும் வெளியிலிருந்து வருதல் பெரிதுங் குறைந்தமையால், யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரர் உழைப்புக்கேற்ற ஊதியம் கண்டனர். விசுவமடு, முத்தையன்கட்டு முதலிய குடியேற்றத் திட்டங்களில் இளைஞர் பலர் மிளகாய்ச் செய்கையால் வாழ்வு பெற்றனர். ஆயினும் நாட்டின் பிற பகுதிகளில் உணவுத் தட்டுப்பாடு மக்களை வாட்டியது. 1971இல் நிறுவப்பட்ட நெல் சந்தைப்படுத்தும் சபைக்கே நெல்லை விற்றல் வேண்டுமென்ற கட்டுப்பாடும், அரிசியைக் கொண்டுசெல்லுதற்கு விதித்த தடைகளும், ஊருக்கு ஊர் உணவு பரவுதலைத் தடுத்தன. 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறக்கப்படவே, கடன்பட்டு இயந்திரமும் கிணறும் அமைத்த தோட்டக்காரர் திடீரெனப் போட்டிக்கு ஆளாயினர். அவர்தம் முதலீட்டுக்கு நிலைத்த கொள்கையென்னும் பிணை இருக்கவில்லை.

அண்மைக்கால நிகழ்ச்சியொன்றும் இவ்வுண்மையையே காட்டுகின்றது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உரத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. மண்ணையும் உடல்நலத்தையும் காத்தல் வேண்டுமென்பது அதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்நோக்கத்தைக் குறைகூறுவார் சிலரே. ஆயின், மாற்றுரம் போதிய அளவில் ஆயத்தமாகுமுன், கமக்காரரைக் கலந்து பேசாது ஒரேயடியாக அம்மாற்றம் புகுத்தப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும் காலங் கடந்துவிட்டது. அடுத்த பெரும்போக விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசியில் ஏறக்குறையத் தன்னிறைவு எய்தியிருந்த நாடு மீண்டும் பிறநாட்டு அரிசியை எதிர்பார்த்தது.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நல்ல விலை இன்றியமையாததே யாயினும், கடனும் வாரமும் அதனை விழுங்குமாயின் உழுதவனுக்குப் பயனில்லை என்பது தெளிவாகின்றது. கமக்காரனின் ஆயத்தம் போகக் கணக்கிலும் ஆண்டுக் கணக்கிலும் அமைவது. ஆட்சி மாறுந்தோறும் மாறும் கொள்கையை நம்பி அவன் கிணறு தோண்டல் இயலாது. அந்நிய ஆட்சியின் 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஊரவரின் வழக்கத்தைக் கேட்டறிந்து விதி செய்தது. சுதந்திர நாட்டில் 2021ஆம் ஆண்டில் எழுந்த கட்டளையோ அவரைக் கேளாது பிறந்தது. உள்ளூர் உணவை வளர்க்க விழையும் எவ்வரசும் தன் திட்டத்தை வரையுமுன் வரம்பில் நிற்பவனின் சொல்லைக் கேட்டல் கடனாகும்.