கேக்கும் களியும்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒருவர், "தர்மபுரியிலிருந்து பெங்களூர் ஒன்றரை மணி நேரம்தான், பீஸ் ஆஃப் கேக்" என்று பெருமையடித்திருந்தார். அடுத்த நிமிடமே இன்னொருவர், "அப்படி ஓட்டினா உள்ளே போய்க் களிதான் திங்கணும்" என்று பதில் போட்டார். எல்லோரும் சிரிப்புப் படம் போட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்த இரண்டு வரிகள் மனதிலேயே நின்றுவிட்டன. சுலபமான காரியத்துக்குக் கேக், சிறைக்குக் களி. எழுதிய இருவருமே பன்னிரண்டு வயது வரை கேக்கைக் கண்ணால் பார்க்காதவர்கள், களி தின்று வளர்ந்தவர்கள். எந்த உணவு எப்படி இந்தப் பெயரை வாங்கியது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதிப் பார்க்கிறேன்.

ஆங்கிலத்தில் கேக்கை வைத்துச் சொல்லும் மொழிகள் ஏராளம். அவற்றில் உங்களைப் பாடாய்ப் படுத்தியது, 'ஹேவ் யுவர் கேக் அண்ட் ஈட் இட் டூ'. எண்பதுகளில் பென்னாகரம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் இதை நடத்தும்போது ஒரு பையன் எழுந்து, "கேக்கு கையில இருந்தா சாப்பிட வேண்டியதுதானே சார், இதுல என்ன தப்பு?" என்றான். நியாயமான கேள்வி. அங்கே 'ஹேவ்' என்பதற்குப் பத்திரமாக வைத்திருப்பது என்று பொருள். தின்றுவிட்டால் வைத்திருக்க முடியாது, வைத்திருந்தால் தின்ன முடியாது. நான் விளக்கி முடிப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை!" வகுப்புக்கு அதன் பிறகு விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த ஆங்கிலப் பழமொழிக்கு வயது ஐந்நூறை நெருங்குகிறது. 1538இல் நார்ஃபோக் பிரபு, எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு எழுதிய கடிதத்தில் இது வருகிறது. (இரண்டே ஆண்டில் கிராம்வெல்லின் தலை போயிற்று. அதற்கு வழி செய்தவர்களில் இதே நார்ஃபோக்கும் ஒருவர். அரண்மனைக் கடிதங்களை நம்பக் கூடாது.) 1546இல் ஜான் ஹேவுட் தொகுத்த பழமொழி நூலில் 'தின்பது' முன்னாலும் 'வைத்திருப்பது' பின்னாலும் வருகிறது. பொருளுக்கு அதுதான் சரியான வரிசை. அந்தப் பையன் திணறியதற்குக் காரணம், இன்று வழங்கும் தலைகீழ் வரிசைதான். அமெரிக்காவில் 1978 முதல் தபாலில் வெடிகுண்டு அனுப்பி மூன்று பேரைக் கொன்ற டெட் காசின்ஸ்கி என்ற முன்னாள் கணிதப் பேராசிரியர், 1995இல் பத்திரிகையில் வெளியான தன் நீண்ட அறிக்கையில் பழைய வரிசையிலேயே இதை எழுதியிருந்தார். அவருடைய குடும்பக் கடிதத்திலும் அதே வரிசை. அவரை அடையாளம் காண உதவிய துப்புகளில் இதுவும் ஒன்று. 1996 ஏப்ரலில் பிடிபட்டார். இலக்கணம் எதற்கு சார் என்று கேட்டவர்கள் கவனிக்கவும்.

நம் பழமொழிக்கு வருவோம். கூழ் குடிக்கிறவனுக்குப் பெரிய மீசை. கூழ் மீசையில் ஒட்டுகிறது. மீசையைக் காப்பாற்றினால் கூழ் இல்லை, கூழைக் குடித்தால் மீசையின் கம்பீரம் இல்லை. கேக்கை விட இது எனக்கு உசத்தியாகப் படுகிறது. கேக்கில் இருப்பது வெறும் கணக்கு. இங்கே வயிறும் மானமும் மோதுகின்றன. இன்னொன்றும் பாருங்கள். மீசை முறுக்கும் கௌரவம் உள்ள ஆள், கூழ் குடிக்க ஆசைப்படுகிறான். கூழ் குடிப்பது கேவலம் என்று இந்தப் பழமொழியை உண்டாக்கியவர் நினைக்கவில்லை. திருக்குறளில் 64ஆம் குறளைப் பாருங்கள். குழந்தை சின்னக் கையால் அளைந்த கூழை அமிழ்தத்துக்கும் மேலே வைக்கிறார் வள்ளுவர். 381ஆம் குறளில் அரசனுக்கு இருக்க வேண்டிய ஆறில் ஒன்றாகக் கூழ் வருகிறது. உணவு, செல்வம் என்று பொருள். அரசனின் உடைமைப் பட்டியலில் இருந்த சொல் அது. 'கூழுக்குக்கூட வழியில்லை' என்று நாம் சொல்கிற கூழாக அது இறங்கியது பிற்பாடு.

உணவைச் சொல்லி ஆளை இறக்குவது எல்லா நாட்டிலும் உண்டு. பிரெஞ்சு ராணி மேரி அன்டாய்னெட்டை உங்களுக்குத் தெரியும். ஜனங்களுக்கு ரொட்டி இல்லை என்றதும் கேக் தின்னட்டுமே என்றாளாம். ஒன்பதாம் வகுப்பில் பிரெஞ்சுப் புரட்சி நடத்தும்போதெல்லாம் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருந்ததில்லை. அவள் சொன்னதற்கு ஆதாரம் கிடையாது. ரூசோ தன் வாழ்க்கை வரலாற்றில், பெயர் சொல்லாமல் 'ஒரு பெரிய இளவரசி' என்று எழுதியிருக்கிறார். அந்தப் பகுதியை அவர் எழுதிய 1760களில் மேரி, ஆஸ்திரியாவில் விளையாடிக் கொண்டிருந்த சிறுமி. பிரான்சுக்கு மணப்பெண்ணாக வந்ததே 1770இல்தான். தவிர ரூசோ எழுதியது கேக்கும் அல்ல, முட்டையும் வெண்ணெயும் சேர்த்த 'பிரியோஷ்' என்ற ரொட்டி. 1793இல் அவள் தலை வெட்டப்பட்டது. சொல்லாத அந்தச் சொல் மட்டும் அவளை இன்றுவரை விடவில்லை.

'கேக்வாக்' கதை இதைவிடக் கனமானது. கிரிக்கெட்டில் ஒரு அணி சுலபமாக ஜெயித்தால் தமிழ்ப் பத்திரிகைகூட இப்போது இப்படித்தான் எழுதுகிறது. அமெரிக்காவின் தென் மாநிலப் பண்ணைகளில் அடிமைகளாக இருந்த கறுப்பின மக்கள், எஜமானர்கள் விருந்துகளில் நிமிர்ந்து மிடுக்காக ஆடும் நடனத்தைப் பார்த்து, அதைச் சற்று மிகைப்படுத்தி ஆடிக் காட்டினார்கள். எஜமானர்கள் கைதட்டி ரசித்து, நன்றாக ஆடிய ஜோடிக்குக் கேக் பரிசு கொடுத்தார்கள். கேலி செய்யப்படுவது தாங்கள்தான் என்று அவர்களில் பலருக்குப் புரியவே இல்லை என்று அந்த அடிமைகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். 1890களில் இது மேடை நடனமாகி நியூயார்க் வரை போனது, பிறகு ஐரோப்பாவுக்கும் போனது. ஆடியவர்களின் வாழ்க்கையில் சுலபம் என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர்கள் பெயரால்தான் இன்று சுலபமான வெற்றிக்குச் சொல் இருக்கிறது.

நம் நண்பர் எழுதிய 'பீஸ் ஆஃப் கேக்' அவ்வளவு பழையதில்லை. அமெரிக்கக் கவிஞர் ஆக்டன் நாஷ் 1936இல் எழுதியிருக்கிறார். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப் படையினர் இதை ஊரெங்கும் பரப்பினார்கள். உயிருக்கு உத்தரவாதமில்லாமல் பறக்கப் போகிறவன், பயத்தை அடக்க 'இது ஒரு துண்டு கேக்' என்பான். குழந்தைகளுக்காக எழுதிய ரோல்ட் டால் அந்தப் படையில் விமானி. 1940இல் லிபியப் பாலைவனத்தில் விழுந்து மண்டை உடைந்து, சில வாரம் கண் தெரியாமல் கிடந்தார். அந்த விபத்தை வைத்து அவர் எழுதிய கதைக்குத் தலைப்பே 'பீஸ் ஆஃப் கேக்'தான். நெடுஞ்சாலையில் வண்டியை விரட்டுகிறவர்கள் யோசிக்கலாம்.

சுலபத்துக்கு நமக்கும் சொல் இல்லாமல் இல்லை. 'அல்வா சாப்பிடுற மாதிரி' என்கிறோம். அதே அல்வாவைச் 'சாப்பிடாமல்' 'கொடுத்தால்' ஏமாற்று. 1994இல் வந்த 'அமைதிப்படை' படத்து அல்வாக் காட்சிக்குப் பிறகு அது இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. ஆனால் நம் மாவட்டத்துக்காரர்கள் உரிமையோடு சொல்ல வேண்டியது, 'கரும்பு தின்னக் கூலியா'. ஏன் உரிமை என்கிறேன் என்றால், தமிழ்நாட்டுக்குக் கரும்பைக் கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர்கள் என்று ஔவையார் பாடியிருக்கிறார், புறநானூறு 99ஆம் பாட்டு. அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தர்மபுரி. நெல்லிக்கனிக் கதையை எல்லோரும் சொல்கிறோம், கரும்புக் கதையை விட்டுவிடுகிறோம். பாலக்கோடு சர்க்கரை ஆலைக்கு வண்டி கட்டிக்கொண்டு போன குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்!

இப்போது களி. வெளியூரிலேயே பிறந்து வளர்ந்த பேரப்பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். உலையில் நொய்யரிசி போட்டு வெந்ததும் கேழ்வரகு மாவைக் கொட்டி, துடுப்பால் கட்டி விழாமல் கிண்டி, ஈரக் கையால் உருட்டிப் போடுவது. நடுவில் குழி செய்து கீரைக் கடைசலோ மொச்சைக் குழம்போ ஊற்றி, மெல்லாமல் விழுங்க வேண்டும். கிண்டும்போது தோள் கழன்றுவிடும். களி கிண்டிய நம் அம்மாக்களின் கைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், எந்தக் களியும் 'பீஸ் ஆஃப் கேக்' இல்லை.

கேழ்வரகும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான். கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் முதலில் பயிரானது, ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே கடல் கடந்து வந்து நம் மானாவாரிக் காடுகளில் வேர் பிடித்துக்கொண்டது. 'கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்கே போச்சு' என்பதெல்லாம் அதை நாள்தோறும் தின்றவர்கள் உரிமையோடு செய்த கேலி. அதில் இளப்பம் இல்லை. இளப்பம் இரண்டு பக்கத்திலிருந்து வந்தது என்று நினைக்கிறேன்.

ஒன்று சிறை. வெள்ளைக்காரர் காலத்துச் சென்னை மாகாணச் சிறைகளில் கைதிகளுக்குக் கேழ்வரகு உணவு. மலிவு, வயிற்றில் நிற்கும். 'களி திங்கப் போறே' என்பது அங்கே பிறந்தது. ஆனால் நம் மாவட்டத்தில் ஒருவர் அதைச் சொல்லும்போது பாப்பாரப்பட்டியை நினைத்துக்கொள்ள வேண்டும். 1908இல் சிறைக்குப் போய், அங்கே தொழுநோயை வாங்கிக்கொண்டு, கடைசியில் பாப்பாரப்பட்டியில் 1925இல் கண்ணை மூடிய சுப்பிரமணிய சிவா படுத்திருக்கும் மண் இது.

மற்றது அரிசி. இது மெதுவாக நடந்தது. வீட்டில் விருந்தாளி வந்தால், தீபாவளி பொங்கல் என்றால் மட்டும் நெல்லுச் சோறு. 1967 தேர்தலில் 'ரூபாய்க்கு மூன்று படி' அரிசி என்றார்கள், கேழ்வரகு என்று யாரும் சொல்லவில்லை. 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார். பசியோடு வந்த பிள்ளைகள் முகத்தில் அது கொண்டுவந்த தெளிவை வகுப்பறையில் நின்று பார்த்தவன் நான், அதைக் குறை சொல்ல வாய் வராது. 2008இல் கிலோ ஒரு ரூபாய், 2011இல் இலவசம். பசி போனது, அரிசி எல்லோருக்கும் வந்தது, அதோடு களி 'இல்லாதவன் சாப்பாடு' ஆனது. தூக்குப் போசியில் களி கொண்டுவந்த பிள்ளைகள் மூடியைப் பாதி திறந்து, திரும்பி உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள். அடுத்தவர்கள் 'களியுருண்டை' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் வாங்கியவர்களில் ஒருவர் இன்று மருத்துவர். சர்க்கரை நோயாளிகளுக்குக் கேழ்வரகு எழுதிக் கொடுக்கிறார்! 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை என்று எனக்கே பாடம் எடுத்தார்.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தது. அந்த ஆண்டுதான் தமிழக அரசு ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தரும் திட்டத்தை இரண்டு மாவட்டங்களில் தொடங்கியது. ஒன்று நீலகிரி, மற்றது தர்மபுரி. வரிசையில் நின்று அதை வாங்கியபோது எனக்குப் பின்னால் நின்ற ஒரு பாட்டி, "எங்க காட்டுல விளைஞ்சத எங்களுக்கே பையில போட்டுத் தர்றான் பாரு" என்றார்.

சிதம்பரத்தில் சேந்தனார் என்ற ஏழை விறகுவெட்டி படைத்த களியைத்தான் நடராசர் ஏற்றார் என்று மார்கழித் திருவாதிரை அன்று இன்றும் களி கிண்டுகிறார்கள். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் ஊற்றும் கூழை வாங்கக் காரில் வருகிறவர்களும் நிற்கிறார்கள். கோயிலில் பிரசாதம், சிறையில் தண்டனை, பள்ளிக்கூடத்தில் பட்டப்பெயர், மருத்துவரிடம் மருந்து. மாவு ஒன்று, கிண்டும் துடுப்பு ஒன்று.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். களி, கூழ், கேப்பை, கம்பு இவற்றை வைத்து உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்ன பழமொழிகள், வசவுகள், விடுகதைகள் எதுவானாலும் கீழே எழுதுங்கள். எந்த ஊர், யார் சொன்னார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அரூர்ப் பக்கம் ஒரு மாதிரியும் பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மாதிரியும் சொல்வார்கள். பெர்சிவல் பாதிரியார் 1874இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டிருக்கிறார். அவர் காதில் விழாதவை நம் பக்கம் இன்னும் நிறைய இருக்கும். இதுவரை என் நோட்டில் 43 சேர்ந்திருக்கின்றன. பெங்களூருக்கு ஒன்றரை மணி நேரத்தில் போகிறவர் முதலில் எழுத வேண்டும்.