அவருக்கு அடுத்த கை

செங்கல்பட்டிலிருந்து பீச்சுக்குப் போகிற மின்ரயிலில், ஒரு காலத்தில் சீட்டு செட்டு இல்லாத பெட்டியைத் தேடித்தான் பிடிக்கணும். எதிரெதிரே நாலு பேர், முழங்கால்மேல் ஒரு பிரீஃப்கேஸ், அதன்மேல் துண்டு. நான் பொத்தேரியில் ஏறுவதற்குள் மறைமலை நகர்க்காரர்கள் கட்டைக் கலைத்து வைத்திருப்பார்கள். காசு வைத்து ஆடினீர்களா என்று கேட்காதீர்கள். டீக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காசு வைத்தால் சட்டம் வரும்: சென்னை நகருக்கு 1888-இன் காவல் சட்டம், வெளியே எங்கள் பக்கத்துக்கு 1930-இன் சூதாட்டச் சட்டம். கூடுவாஞ்சேரியில் போட்ட கை கிண்டி தாண்டி முடிந்தால், நடுவிலேயே சட்டம் மாறியிருக்கும். திறமையால் ஆடும் ஆட்டத்துக்கு இரண்டிலுமே விலக்கு உண்டு. நாங்கள் ஆடிய ரம்மி திறமையா, அதிர்ஷ்டமா என்பதுதான் கேள்வி.

அதற்குப் பதில் செகந்திராபாத்திலிருந்து வந்தது. 1963-இல் அங்கே ஒரு கிளப்பில் ரம்மி ஆடியவர்களைப் போலீஸ் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1967-இல் நீதிபதி ஹிதயத்துல்லா தீர்ப்பு எழுதினார். மூணு சீட்டு வெறும் அதிர்ஷ்டம். ரம்மியில் விழுந்த சீட்டை ஞாபகம் வைக்கணும், எதை வைத்துக்கொள்வது எதை இறக்குவது என்று தெரியணும், ஆகவே அது திறமை என்றார். கிளப் நடத்துகிறவர் ஆட்டத்தில் லாபம் பார்த்தால் குற்றம்தான் என்றும் சேர்த்தே சொன்னார். நம்மூர் மனமகிழ் மன்றங்கள் முதல் பாதியைத்தான் ஞாபகம் வைத்திருக்கின்றன!

அந்தத் தீர்ப்பு எவ்வளவு சரி என்று எனக்குப் புரிய வைத்தவர் எங்கள் செட்டில் ஒருத்தர். அவர் ஸ்கூட்டே அடிக்க மாட்டார், அதாவது மோசமான கையைக் கீழே வைத்து விலகவே மாட்டார். நாங்கள் ஆடியது 101. முதல் சுற்றிலேயே ஸ்கூட் அடித்தால் நம் கணக்கில் 20 புள்ளி ஏறும், நடுவில் விலகினால் 40, ஃபுல் கவுண்ட் 80. ஜோக்கர் இல்லை, சீக்வென்ஸுக்கு வழியில்லை, கையில் மூன்று ராஜா ராணி தனித்தனியாக நிற்கிறது என்றாலும் மனுஷன் உள்ளேதான் இருப்பார். வேகவேகமாக எடுப்பார், வீசுவார், நாம் யோசித்தால் "என்ன சார், தாம்பரமே வந்துடுச்சு" என்று விரட்டுவார். அந்த வேகத்தில் நாமும் கெட்டுப்போவோம்.

அவரோடு ஆட முதலில் இடம் பார்த்து உட்காரணும். அவருக்கு அடுத்த கை நம்முடையதாக இருந்தால், அவர் யோசிக்காமல் இறக்குவதெல்லாம் நமக்குத்தான் வரும். போக்கர் ஆடுகிறவர்களும் கண்டபடி ஏற்றுகிற ஆளுக்கு இடப்பக்கம் உட்காரத்தான் விரும்புவார்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இரண்டாவது, தூண்டில் போடுவதை நிறுத்தணும். ஆட்டின் எட்டு வேண்டும் என்பதற்காக ஸ்பேடு எட்டை இறக்கி ஆசை காட்டுவது, நாம் எதை இறக்குகிறோம் என்று பார்க்கிறவனிடம்தான் பலிக்கும். இவர் பார்ப்பதே இல்லை. மோசமான கையா, 20-ஐக் கொடுத்துவிட்டுக் கழன்றுகொள். நல்ல கை வந்தால் நின்று ஆடு. அவர் போகமாட்டார், கவுண்ட் 50, 60 என்று ஏறும். ஒரு நாளில் அவர் ஜெயிப்பார். மாசக் கணக்கில் டீச் செலவு அவருடையது.

இதே ஆளை மூணு சீட்டில் உட்காரவைத்தால் கதை வேறு. பிளைண்டு ஆடுகிறவர் போடுகிற காசுக்கு, சீட்டைப் பார்த்தவர் இரண்டு மடங்கு போடணும். இறக்க ஒன்றுமில்லை, ஞாபகம் வைக்கவும் ஒன்றுமில்லை. பொறுமைக்கு அங்கே விலை அதிகம்.

பிறகு ஆட்டம் போனுக்குள் போயிற்று. தமிழக அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்குக் கொண்டுவந்த தடையை, 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு வந்த புதுச் சட்டத்துக்கு ஆளுநர் 2023 ஏப்ரலில் ஒப்புதல் கொடுத்தார். அதே வருஷம் நவம்பரில், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் வைத்தது செல்லாது என்று தீர்ப்பு. எல்லா வாதத்துக்கும் அடியில் 1967 இருந்தது. ஆனால் போனில் நாம் விரும்பிய இடத்தில் உட்கார முடியாது, எதிராளி முகம் தெரியாது, தாம்பரம் வந்ததும் ஆட்டம் முடிவதில்லை. நள்ளிரவு முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என்று 2025-இல் மாநில அரசு விதி போட்டதை நான் குறை சொல்லமாட்டேன்.

அதே 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டம் திறமையோ அதிர்ஷ்டமோ, எதுவானாலும் கூடாது என்று சொல்லிவிட்டது. காகிதக் கட்டுக்கு அது பொருந்தாது. மனமகிழ் மன்றத்தில் இன்றைக்கும் 20, 40, 80தான். புதிதாக வருகிற பையன்களுக்கு ஸ்கூட் அடிக்கச் சொல்லித்தருவதற்குள் எனக்கு மூச்சு வாங்குகிறது.