முறையும் முறைக்கு வெளியேயும்

பல்லடத்துப் பக்கம் எங்கள் அப்பாருவுக்குப் பங்குக் கிணற்றில் ஒரு முறை இருந்தது. நான்கு பங்காளிகள், ஆளுக்கு ஒரு நாள் கவலை ஓட்டலாம். மழை பொய்த்த வருஷங்களிலும் யாரும் முறை தவறியதில்லை. எழுத்தில் எதுவும் இல்லை. இதையெல்லாம் சரித்திரம் என்று எனக்கு யாரும் கற்பிக்கவில்லை.

பழவேற்காட்டு 'பாடு' பற்றி அறிந்தபோது அந்தக் கிணறுதான் நினைவுக்கு வந்தது. 1613இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டை கட்டிய ஊர் என்பதற்கு மேல் பழவேற்காட்டை நான் அறிந்ததில்லை. பாடு என்றால் நமக்குக் கஷ்டம். அந்த ஏரியில் அது வலை கட்டும் இடம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்ப் பட்டினவர்கள் முகத்துவாரத்தை ஒட்டிய பாடுகளில் சுத்துவலை கட்டி இறால் பிடிப்பவர்கள். எல்லா இடமும் ஒன்றுபோல் வாய்ப்பதில்லை. ஆகவே சீட்டுப் போட்டு, முறை வைத்துப் பகிர்ந்துகொண்டார்கள். இன்று நல்ல இடத்தில் நிற்பவன் அடுத்த முறை நகர வேண்டும். இத்தனை வலைதான் என்ற வரம்பும் அதற்குள்ளேயே இருந்தது.

பொதுவில் கிடப்பது அழிந்தே தீரும் என்று 1968இல் காரெட் ஹார்டின் எழுதினார். அப்படியல்ல என்று எலினார் ஆஸ்ட்ரம் 1990இல் ஒரு நூலில் காட்டினார். அவருடைய சான்றுகளில் ஒன்று, சீட்டுப் போட்டு இடம் பிரித்துக்கொண்ட துருக்கியின் அலன்யா மீனவர்கள். 2009இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அப்பாரு முன்பே அறிந்திருந்தார் என்று எழுதி இங்கேயே முடித்துக்கொள்ள ஆசைதான்.

முடியவில்லை. பாடுகளில் உரிமை பட்டினவ ஆண்களுக்கு மட்டுமே. அதே ஏரியின் சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களுக்குச் சீட்டில் பெயரில்லை. பெண்களுக்கும் இல்லை. பிற சாதியினர் வலையோடு இறங்கியபோது மோதல்கள் மூண்டன.

எங்கள் கிணற்றில் மட்டும் என்ன? பாறையை உடைத்தவர்கள், கவலைக்குத் தோல் தைத்தவர்கள், மாட்டோடு முன்னும் பின்னும் நாளெல்லாம் நடந்த பண்ணையாள், இவர்களில் எவருக்கும் முறை கிடையாது. குடிக்கும் தண்ணீரைக்கூட வேறொருவர் ஊற்றினால்தான் உண்டு. நான்கு பேருக்கிடையே இருந்த நியாயத்தைக் கண்டு பூரித்த எனக்கு, கிணற்று மேட்டில் நின்ற ஐந்தாவது ஆள் இத்தனை காலம் கண்ணில் படவில்லை.

ஆயினும் முறையைத் தூக்கியெறிய மனம் வரவில்லை. மோட்டார் வந்தது, ஆழ்குழாய் வந்தது, முறை போயிற்று. போனதனால் பண்ணையாளுக்குத் தண்ணீர் வந்துவிடவில்லை, பங்காளிகளுக்கும் வற்றிப்போயிற்று. முறையை விரித்து அவனையும் ஐந்தாவது நாளுக்குரியவனாக்க எங்களுக்கு அவகாசம் இருந்தது. அதை நாங்கள் செய்யவில்லை.