பபிள்கம் பாப்பும் 'ஆர்ச்சீஸ்' குழுவும்: ஒரு வரலாற்று நோக்கு

1960களின் பிற்பகுதியில் அமெரிக்கச் சிறுவர்களையும் பதின்ம வயதினரையும் குறிவைத்து வெளிவந்த துள்ளலான எளிய பாடல்களுக்கு 'பபிள்கம் பாப்' என்று பெயர். அந்த வகையின் உச்சம் 'தி ஆர்ச்சீஸ்'. விமர்சகர்கள் ஏளனமாக ஒதுக்கிய இக்குழு, தயாரிப்பாளர்களின் கை ஓங்கிய ஒரு தொழில்முறையின் இயல்பான விளைவு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பின்புலம்

1966 செப்டம்பரில் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'தி மங்கீஸ்' தொடர் தொடங்கியது. தொடருக்காகத் தேர்வான நால்வரே இசைக்குழுவாகவும் ஆனார்கள். பாடல்களுக்குப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர். தொடக்க கால இசைத்தட்டுகளில் வாசித்தவர்கள் பெரும்பாலும் ஸ்டுடியோ கலைஞர்கள். "நாங்களே வாசிப்போம்" என்று குழுவினர் போர்க்கொடி தூக்கினர். 1967இன் தொடக்கத்தில் கிர்ஷ்னர் நீக்கப்பட்டார்.

இதற்கிடையே கேசனெட்ஸ், காட்ஸ் என்ற இரு தயாரிப்பாளர்கள் புத்தா ரெக்கார்ட்ஸ் வழியாக 'சைமன் செஸ்', 'யம்மி யம்மி யம்மி' ஆகியவற்றை வெளியிட்டனர். 1968இல் இரண்டும் பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறின. குழுவின் பெயரைவிடப் பாட்டே விற்பனைச் சரக்கு என்பது இதில் உறுதியாயிற்று.

காகிதக் குழு

1968 செப்டம்பர் 14 அன்று சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'தி ஆர்ச்சி ஷோ' என்ற கார்ட்டூன் தொடர் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1941 முதல் காமிக்ஸில் உலவிவந்த ஆர்ச்சி கிட்டாரும், ஜக்ஹெட் டிரம்ஸும், வெரோனிகா ஆர்கனும் வாசித்தனர். இசைப் பொறுப்பு மீண்டும் கிர்ஷ்னருக்கு. இம்முறை அவரை எதிர்த்துப் பேச ஆளில்லை. வரைந்த உருவங்கள் உரிமை கேட்பதில்லை.

திரைக்குப் பின்னால் இருந்தவர்களோ தேர்ந்த கலைஞர்கள். மங்கீஸின் 'ஐ'ம் எ பிலீவர்' பாடலைத் தயாரித்த ஜெஃப் பேரியே இங்கும் தயாரிப்பாளர். முன்னணிக் குரல் ரான் டான்டே. பெண் குரல் டோனி வைன். முதல் சிங்கிளான 'பேங்-ஷாங்-அ-லாங்' 22ஆம் இடத்தோடு நின்றது.

'சுகர், சுகர்'

ஜெஃப் பேரியும் ஆண்டி கிம்மும் எழுதிய இப்பாடல் 1969இல் வெளியானது. செப்டம்பர் 20 தொடங்கி அமெரிக்காவில் 4 வாரங்களும், பின்னர் பிரிட்டனில் 8 வாரங்களும் முதலிடத்தில் நின்றது. உட்ஸ்டாக் விழா நடந்த அந்த ஆண்டின் பில்போர்டு ஆண்டுப் பட்டியலிலும் இதற்கே முதலிடம். காலை உணவு சீரியல் பெட்டிகளின் பின்புறத்தில் ஆர்ச்சீஸ் பாடல்கள் அட்டை இசைத்தட்டுகளாக வந்தன. கத்தரித்தெடுத்து ரெக்கார்டு பிளேயரில் வைத்தால் பாடும்.

டான்டேயின் நிலை விசித்திரமானது. அதே ஆண்டு 'தி கஃப் லிங்க்ஸ்' என்ற பெயரில் வந்த 'டிரேசி' பாடலிலும் அவர் குரலே பலமுறை அடுக்கிப் பதிவாகி, 9ஆம் இடத்தைப் பிடித்தது. ஒரே நேரத்தில் இரு பாடல்கள் முதல் பத்தில் இருந்தும், பாடியவர் ஒருவரே என்பதைக் கேட்டவர்களில் பலர் அறியவில்லை.

முடிவுரை

அடுத்து வந்த 'ஜிங்கிள் ஜாங்கிள்' 10ஆம் இடம், 1970இல் 'ஹூ'ஸ் யுவர் பேபி?' 40ஆம் இடம் எனச் சரிவு விரைவாகவே வந்தது. ஆனால் அதே 1970இல் சோல் பாடகர் வில்சன் பிக்கெட் 'சுகர், சுகர்' பாடலைத் தம் பாணியில் பாடி 25ஆம் இடத்துக்குக் கொண்டுசென்றார். கார்ட்டூனும் சீரியல் பெட்டியும் இல்லாமலேயே பாட்டு தாக்குப்பிடித்தது. விமர்சகர்களின் ஏளனம் விற்பனை உத்திக்குப் பொருந்தலாம். பாட்டின் கட்டமைப்புக்குப் பொருந்தாது.