அருப்புக்கோட்டையில் ஒரு கோப்பைக் காப்பி

சென்ற ரமளானில் ஓரிரவு. தராவீஹ் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, அருப்புக்கோட்டையில் புதிதாகத் திறக்கப்பட்டிருந்த கடையொன்றுக்கு நம் வீட்டுப் பிள்ளைகள் நம்மை இழுத்துச் சென்றனர். ஒரு பக்கம் கண்ணாடிப் பெட்டிக்குள் பல வண்ண ஐஸ்கிரீம். அதற்கு 'ஜெலாட்டோ' என்று இத்தாலியப் பெயர் சூட்டியிருந்தார்கள். மறுபக்கம் ஆவி சீறும் காப்பி இயந்திரம். கரிசல் மண்ணின் வெக்கை இரவிலும் தணியாத ஊரில் இப்படியொரு கடைக்குக் கூட்டம் சேர்வதில் வியப்பில்லை.

நம்முடன் வந்திருந்த பெரியத்தா மட்டும் உள்ளே வரவில்லை. எண்பத்தைந்தைக் கடந்த அவர், படியருகே செருப்பைக் கழற்றிவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கடைப் பையன் ஓடி வந்து, "உள்ளே வாங்க ஐயா, செருப்பெல்லாம் கழற்ற வேண்டாம்" என்றான். "எங்கே உட்காரணும் தம்பி?" என்று அவர் கேட்டார். "எங்கே வேணும்னாலும் உட்காருங்க" என்றான் அவன். பெரியத்தாவின் கேள்விக்குப் பின்னால் இருந்ததை அவன் அறியான். அதைச் சொல்லுமுன் காப்பியின் கதையைச் சற்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

காப்பி பிறந்த சூழலை நம்மில் பலர் அறிவதில்லை. கி.பி. பதினைந்தாம் நூற்றாண்டில் யமன் நாட்டு சூஃபியாக்கள் இரவு விழித்திருந்து திக்ரு செய்வதற்குத் துணையாக இந்தப் பானத்தைக் காய்ச்சிப் பருகினார்கள். 'கஹ்வா' என்ற அரபுச் சொல் முன்னர் மதுவைக் குறித்து வந்தது. அப்பெயரே இதற்கும் அமைந்ததனால் ஐயமும் உடன் பிறந்தது போலும். 1511-ஆம் ஆண்டு மக்காவில் அதிகாரியாக இருந்த காயிர் பேக், மார்க்க அறிஞர்களையும் மருத்துவர்களையும் கூட்டி, காப்பியைத் தடை செய்தார். காப்பிக் கொட்டைகள் கொளுத்தப்பட்டன. ஆனால் கெய்ரோவிலிருந்த சுல்தான் அந்தத் தடையை அப்படியே ஏற்கவில்லை. இவ்வழக்குகளையெல்லாம் 1558 வாக்கில் ஜஸீரி என்ற அறிஞர் ஒரு நூலாகவே எழுதி வைத்தார். ஒரு பானத்தின் பொருட்டு இத்தனை வாதமா என்று இன்று நமக்குத் தோன்றலாம். ஆயினும் அவர்கள் அஞ்சியது பானத்தை மட்டுமன்று. காப்பிக் கடையில் பலதரப்பட்ட மனிதர்கள் ஒன்றாய் உட்கார்ந்து பேசினார்கள் அல்லவா? அந்தப் பேச்சே ஆள்வோருக்குப் பெரும் அச்சமாக இருந்திருக்கும் என்பது நம் எண்ணம். 1633-இல் துருக்கி சுல்தான் நான்காம் முராத் இஸ்தான்பூலின் காப்பிக் கடைகளை மூடச் சொன்னதும் இதையே காட்டுகிறது.

இந்தியாவுக்குக் காப்பி வந்த கதையில் பாபா புதன் என்ற இறைநேசரின் பெயர் நிலைத்துவிட்டது. ஹஜ்ஜிலிருந்து திரும்புகையில் ஏழு காப்பி விதைகளை மறைத்துக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் விதைத்தார் என்பது மரபு. ஏழு என்ற எண்ணிக்கைக்கு ஆவணம் கேட்டால் யாராலும் காட்ட இயலாது. ஆனால் அம்மலை இன்றும் பாபா புதன்கிரி என்றே வழங்குகிறது. அங்குள்ள குகைத் தலத்தை முஸ்லிம்கள் தர்கா என்றும் இந்துக்கள் தத்தாத்ரேயர் பீடம் என்றும் போற்றி வந்திருக்கின்றனர். பிற்காலத்தில் அதுவே வழக்காகி நீதிமன்றம் ஏறியது வேதனைக்குரியது. விதைக்கு முன்னரே பானம் இங்கு அறிமுகமாகியிருந்தது எனலாம். ஜஹாங்கீர் காலத்தில் தூதர் தாமஸ் ரோவுடன் இருந்த எட்வர்ட் டெர்ரி என்ற பாதிரியார், மார்க்கப் பேணுதலுள்ளோர் மதுவை விலக்கிக் காப்பி பருகியதைக் குறித்திருக்கிறார்.

நம் வறண்ட சீமைக்கும் காப்பிக்கும் உள்ள உறவு கோப்பையில் தொடங்கவில்லை, பசியில் தொடங்கியது. மழை பொய்த்தால் கண்மாய் வறளும். குண்டாற்றில் மணல்தான் ஓடும். திருச்சுழியைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு இது புதிதன்று. இலங்கையின் கண்டி மலைகளில் ஆங்கிலேயர் காப்பித் தோட்டங்களைத் திறந்தபோது, 1830-களிலிருந்து இராமநாதபுரம், மதுரை, திருச்சிச் சீமைகளின் ஏழைகள் கூட்டங்கூட்டமாகக் கடல் கடந்தனர். மன்னாரில் இறங்கிக் காட்டு வழியே கண்டிவரை நடந்தவர்களில் காய்ச்சலாலும் பட்டினியாலும் வழியிலேயே மாண்டவர் மிகப் பலர். 1869-இல் இலைத் துரு நோய் தாக்கிக் காப்பி அழிந்தது. அதன் பின்னரே அம்மலைகளில் தேயிலை செழித்தது. காப்பிச் செடியை இந்த மண்ணின் பிள்ளைகள் வளர்த்தார்கள். ஆனால் காப்பியைப் பருகும் உரிமை அவர்களுக்கு நெடுநாள் வாய்க்கவில்லை.

தமிழகத்தில் காப்பி பரவியபோது அது உயர்குடியின் பானமாகவே பரவியது. தேநீர் உழைப்பாளருக்கும் முஸ்லிம்களுக்கும் உரியது என்ற ஒரு வழக்கு உண்டாயிற்று. 'பிராமணாள் காப்பி கிளப்' என்ற பலகைகள் ஊர்தோறும் தொங்கின. 1957-இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் முரளி கஃபே முன்பு அந்தச் சொல்லை அகற்றக் கோரிப் பெரியார் மறியல் நடத்தியதை முதியோர் நினைவுகூர்வர். பெரியத்தாவுக்கு அப்போது பதினேழு வயது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, சேலை விற்கத் தம் அத்தாவுடன் பக்கத்துப் பட்டணம் ஒன்றுக்குப் போனபோது, ஒரு காப்பி கிளப்பின் பின்புறத் திண்ணையில் வைத்து அவர்களுக்குக் காப்பி தந்தார்களாம். வாசலில் கழற்றிய செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிப் போக வேண்டியிருந்ததாம். அன்று பருகிய காப்பி இனித்ததா கசந்ததா என்பது அவருக்கு நினைவில்லை. செருப்பைக் கையில் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

ஜெலாட்டோவின் வரலாற்றையும் சிறிது தொட்டுச் செல்வோம். 'ஷர்பத்' என்ற நம் சொல் துருக்கி வழியே இத்தாலிக்குப் போய் 'சொர்பெத்தோ' ஆயிற்று. சிசிலியரான புரொகோப்பியோ 1686-இல் பாரிஸில் தொடங்கிய கடையில் காப்பியும் பனிப்பண்டமும் சேர்ந்தே விற்றன. ஆக, அருப்புக்கோட்டைக் கடை புதுமையேதும் செய்துவிடவில்லை! வெடியுப்பைக் கொண்டு தண்ணீரைக் குளிரச் செய்யும் முறையை அபுல் ஃபஸ்ல் ஆயினே அக்பரியில் விளக்கியிருக்கிறார். சென்னைக் கடற்கரையில் 1842-இல் எழுந்த ஐஸ் ஹவுஸோ அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிக்கான கிடங்கு. இவை அரசர்க்கும் துரைமார்க்குமான குளிர்ச்சி. எளியோர்க்குக் கிடைத்தவை நன்னாரி சர்பத்தும் மதுரை ஜிகர்தண்டாவுமே. பாலும் பாதாம் பிசினும் நன்னாரிப் பாகும் சேர்ந்த அந்தப் பானத்தின் பெயரில் பாரசீகத்து 'ஜிகர்' குடியிருக்கிறது. விளக்குத்தூண் அருகே 1977-இல் ஒரு முஸ்லிம் குடும்பத்தார் தொடங்கிய கடையால் அதன் புகழ் எங்கும் பரவியது.

மீண்டும் பெரியத்தாவிடம் வருவோம். அவர் நடுவிலிருந்த மேசையிலேயே அமர்ந்தார். காப்பிதான் கேட்டார், ஜெலாட்டோவை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொண்டார். பிள்ளைகள் அந்தத் திண்ணைக் கதையைக் கேட்டுக் கொதித்தார்கள். "அவனுக திமிரு" என்றான் ஒருவன். பெரியத்தா சிறிது நேரம் வாளாவிருந்தார். பிறகு யாரையும் பாராமல் சொன்னார்:

"நம்ம குடும்பத்து டீக்கடையிலேயும் கூரைக் கம்பிலே ரெண்டு சிரட்டை தொங்கும். சேரியாளுக வந்தா அதுலேதான் ஊத்துவோம். நானே ஊத்தியிருக்கேன்."

பிள்ளைகள் பேசவில்லை. நமக்கும் சொல்ல ஒன்றுமில்லை. எல்லோரும் ஒரே வரிசையில் தோளோடு தோள் சேர்ந்து தொழுதுவிட்டு வந்து, கடையில் சிரட்டையைத் தனியே தொங்கவிட்ட காலம் அது. அதை நம் முன்னோர் வரலாற்றில் எழுதி வைக்கவில்லை. பிறர் நமக்குச் செய்ததை மட்டுமே எழுதி வைத்திருக்கிறோம்.

கடைப் பையன் கோப்பைகளை எடுக்க வந்தான். அவனுடைய ஊர் எது என்று பெரியத்தா விசாரித்தார். திருச்சுழிப் பக்கம் ஒரு சிற்றூர் என்றான். தந்தை பெயரைக் கேட்டார். பாட்டனார் பெயரையும் கேட்டார். அந்தப் பெயரைக் கேட்டதும் பெரியத்தா எழுந்து நின்று, தம் கோப்பையைத் தாமே எடுத்துக்கொண்டு கழுவுமிடத்தை நோக்கி நடந்தார். "விடுங்க ஐயா, நான் கழுவிக்கிறேன்" என்று பையன் பின்னாலேயே போனான். அவர் கோப்பையை விடவில்லை.