ஃபாலி

ஃபாலி என்பது இங்கிலாந்தின் நிலக்காட்சித் தோட்டங்களில் கண்ணுக்கு விருந்தாகவே எழுப்பப்பட்ட கட்டடம். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு மடமை என்று பொருள். குடியிருக்க உதவாத கோபுரத்துக்கும், கட்டும்போதே இடிந்த கோலம் பூண்ட கோட்டைக்கும் பணத்தை இறைத்ததால் ஒட்டிக்கொண்ட ஏச்சுப்பெயர் அது. சிறந்த ஃபாலிகளுக்கு அது சற்றும் பொருந்தாது.

18ஆம் நூற்றாண்டில், கோடு போட்டாற்போன்ற பாத்திகளும் சாலைகளும் அங்கே சலித்துப்போயின. இத்தாலிக்குப் போய்வந்த செல்வர்கள் கிளோட் லொரெய்னின் ஓவியங்களில் மயங்கியிருந்தனர். நீர்நிலை, அதன் அக்கரையில் பழங்கோயில் என விரியும் அந்தக் காட்சியைத் தங்கள் நிலத்திலேயே காண விரும்பினர். ஓவியராகத் தொடங்கிய வில்லியம் கென்ட் தோட்டக் கலைஞராக மாறியதும் இந்தச் சூழலில்தான்.

ஸ்டோ தோட்டத்தில் ஃபாலி அரசியலும் பேசியது. பிரதமர் ராபர்ட் வால்போலைப் பகைத்துக்கொண்ட தோட்டத்தின் உரிமையாளர் காபம் பிரபு, ‘பண்டைய அறம்’ என்ற கோயிலைக் கென்ட்டைக் கொண்டு கட்டினார். உள்ளே ஹோமர், சாக்ரடீஸ் உள்ளிட்ட நால்வர் சிலைகள். அருகிலேயே ‘இக்கால அறம்’ என்ற பெயரில் ஓர் இடிபாடு. அதில் தலையில்லாத சிலை. யாரைச் சொல்கிறது என்று அன்று வந்தவர்களுக்கு விளங்கியது.

ஆயினும் இக்கலையின் உச்சம் வில்ட்ஷயரின் ஸ்டவர்ஹெட்தான். வங்கி முதலாளி ஹென்றி ஹோர் ஓடைநீரைத் தடுத்து ஏரி அமைத்தார். கரைப்பாதையில் நடந்தால், ஹென்றி ஃப்ளிட்கிராஃப்ட் வடிவமைத்த பாந்தியன் என்ற கோயில் எதிர்க்கரையில் தெரியும், மரங்களுக்குள் மறையும், குகையின் இருட்டைக் கடந்தபின் அருகில் வந்து நிற்கும். நடையே இங்கே கட்டடக்கலையின் பகுதி. தொலைவில் 1772இல் முடிந்த ஆல்ஃபிரட் கோபுரம், முக்கோண அடித்தளத்தின் மேல் 49 மீட்டர் உயரம்.

இடிந்த கோலக் கோட்டைக்கு ஹேக்லி தோட்டம் எடுத்துக்காட்டு. அங்கே சாண்டர்சன் மில்லர் 1740களின் பிற்பகுதியில் எழுப்பிய கோட்டையில் ஒரு கோபுரம் மட்டுமே முழுமையானது. மற்றவை திட்டமிட்டே குறையாக விடப்பட்டன.

பின்னர், தோட்டக் கலைஞர் கேப்பபிலிட்டி பிரவுனின் பாணியில் புல்வெளியும் மரக்கூட்டமும் முதலிடம் பெற்றன. ஆனாலும் ஃபாலி மறையவில்லை. ஃபாரிங்டன் கோபுரம் 1935இல் எழுந்தது. ஸ்டவர்ஹெட் 1946இல் தேசிய அறக்கட்டளையிடம் சேர்ந்தது. ஸ்டோவில் ஜேம்ஸ் கிப்ஸ் வடிவமைத்த காத்திக் கோயிலை லேண்ட்மார்க் அறக்கட்டளை பராமரித்து, விடுமுறைக்கு வருவோருக்கு வாடகைக்கு விடுகிறது.